பெண்ணை விற்கும் விளம்பரம்: காசு வாங்கியவருக்குத் தண்டனை உண்டா?

கப்பலூர் சுங்கச்சாவடி நம் எல்லோருக்கும் தெரியும். மதுரையில் இருந்து திருமங்கலம், விருதுநகர் பக்கம் போகிற லாரி, கார், வேன் எல்லாம் அங்கே ஒரு நிமிடமாவது நிற்கும். வண்டியின் எண்ணைக் காமிரா படம் எடுக்கிறது. கண்ணாடியில் ஒட்டிய 'பாஸ்டேக்'கில் இருந்து பணம் கழிகிறது. இன்ன வண்டி இன்ன நேரத்தில் இந்த வழியாகப் போயிற்றா என்று போலீசார் கேட்டால், பதில் சொல்லக் கணக்கு இருக்கிறது. அந்தச் சாவடியைப் பற்றித் திருமங்கலத்துக்காரர்களுக்கு வேறு மனக்குறை உண்டு. அதை இன்று விட்டுவிடுவோம்.

அதே கப்பலூர் வழியாக இன்னொரு சரக்கும் போகிறது. அதற்குச் சாவடி கிடையாது. கணக்கும் கிடையாது. அது செல்போனில் போகிறது.

பெண்ணை விற்கும் விளம்பரம்தான் அந்தச் சரக்கு.

இணையதளங்களில் ஊர்வாரியாக இந்த விளம்பரங்கள் வருகின்றன. சிலர் "மசாஜ்" என்று போடுவார்கள். சிலர் "தோழி" என்று போடுவார்கள். ஒரு படம், ஒரு வயது, ஒரு போன் நம்பர். வயது பொய்யாக இருக்கும். படம் வேறு யாருடையதாகவோ இருக்கும். இவற்றில் பல வெறும் மோசடி. முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார்கள். அல்லது, போன் செய்தவனையே மிரட்டிப் பணம் பறிப்பார்கள். ஏமாந்தவன் வெளியே சொல்லமாட்டான். அவனுக்காக நாம் கண்ணீர் விட வேண்டாம்.

ஆனால், மற்ற விளம்பரங்களுக்குப் பின்னால் உண்மையாகவே ஒரு பெண் இருக்கிறாள். நம் பேச்சு அவளைப் பற்றியது.

யார் யார் குற்றவாளி?

ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்தவளாக இருக்கலாம். வடக்கே இருந்து வந்தவளாக இருக்கலாம். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்துப் பெண்ணாகவும் இருக்கலாம்.

செல்போனில் ஒரு விளம்பரம் பார்க்கிறாள். "அழகு நிலையத்துக்குப் பெண்கள் தேவை. சாப்பாடு, தங்குமிடம் இலவசம். நல்ல சம்பளம்." போகிறாள். போன இடத்தில் செல்போனைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். ஆதார் அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். படம் எடுக்கிறார்கள். மறுநாள் அவள் படமே விளம்பரமாகிவிடுகிறது.

ஒரு நாள் போலீசார் கதவைத் தட்டி அவளை மீட்கிறார்கள். இப்போது யார் யார் குற்றவாளி?

ஏமாற்றிக் கூட்டி வந்த தரகன் குற்றவாளி. ஆட்களைக் கடத்துவதற்குப் பாரதிய நியாய சம்ஹிதை சட்டத்தின் 143-வது பிரிவில் குறைந்தது 7 ஆண்டு கடுங்காவல். கடத்தப்பட்டது குழந்தையானால் குறைந்தது 10 ஆண்டு. விடுதி நடத்தியவன் குற்றவாளி. தெரிந்தே வீட்டை வாடகைக்கு விட்ட சொந்தக்காரரும் குற்றவாளி. லாட்ஜில் நடந்திருந்தால் லாட்ஜின் லைசென்சுக்கே ஆபத்து.

இத்தனை பேரையும் சட்டம் பிடிக்கிறது. அவள் படத்தைப் போட்டு, அதற்குக் காசும் வாங்கிக்கொண்டு, "மேலே தெரிய வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் பணம் கட்டு" என்று கேட்ட இணையதளம் மட்டும் என்ன சொல்கிறது?

"எனக்கு ஒன்றும் தெரியாது" என்கிறது!

வீட்டுக்காரருக்கு ஒரு சட்டம்

1956-ம் ஆண்டு நம் நாட்டில் ஒரு சட்டம் வந்தது. பெண்களை வைத்து வியாபாரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் அது. சென்னை மாகாணத்தில் அதற்கு முன்பே, 1930-ம் ஆண்டிலேயே, இப்படி ஒரு சட்டம் உண்டு. நாம் இதில் பின்தங்கியவர்கள் இல்லை.

1956-ம் ஆண்டு சட்டத்தின் 3-வது பிரிவைக் கவனியுங்கள். வீட்டுக்காரர் தெரிந்தே இடம் கொடுத்தால், முதல் தடவை 2 ஆண்டு வரை ஜெயில். சரி, "எனக்குத் தெரியாது" என்று அவர் சொன்னால்? அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த வீட்டில் போலீசார் சோதனை நடத்தி, அங்கே விபசாரம் நடந்தது தெரியவந்து, அந்தச் செய்தி அவர் வசிக்கிற வட்டாரத்தில் ஓடுகிற பத்திரிகையில் வந்துவிட்டால் போதும். வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும் என்றே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். சோதனையில் கிடைத்த பொருட்களின் பட்டியலை அவரிடம் கொடுத்திருந்தாலும் அப்படித்தான். தெரியாது என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு.

எவ்வளவு தெளிவான ஏற்பாடு, பாருங்கள்! மேலமாசி வீதியில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஊரில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கூட, பத்திரிகையைப் பார்த்துத் தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறது சட்டம்.

இணையதளத்துக்கு இப்படி ஒரு பிரிவு இல்லை. அந்தப் பெரியவரிடம் இருப்பது ஒரு வீடு. இணையதளத்திடம் இருப்பது பல ஊர்களின் விளம்பரம். அவருக்கு இருக்கும் பொறுப்பு, இதற்கு ஏன் இருக்கக்கூடாது?

தபால்காரர் கதை

இணையதளக் கம்பெனிகள் ஒரு வாதம் சொல்கின்றன. "நாங்கள் தபால்காரர் மாதிரி. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தபால்காரருக்குத் தெரியுமா? அவரைப் பிடித்து ஜெயிலில் போடலாமா?"

கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. 2004-ம் ஆண்டு டெல்லியில் நடந்த வழக்கு ஒன்றில் இந்தக் கேள்வி வந்தது. 'பாசி டாட் காம்' என்று ஓர் ஏல இணையதளம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவரின் அந்தரங்க வீடியோவை ஒருவர் அதில் விற்பனைக்குப் போட்டுவிட்டார். விலை ரூ.125! இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. போலீசார் அந்த இணையதளத்தின் தலைமை அதிகாரியைக் கைது செய்தார்கள். வழக்கு 8 ஆண்டு இழுத்தது. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுவித்தது. கம்பெனியைக் குற்றவாளியாகச் சேர்க்காமல் அதிகாரியை மட்டும் சேர்த்தது செல்லாது என்பது காரணம்.

அதற்குள் சட்டம் மாறிவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு திருத்தப்பட்டு, 2009 அக்டோபரில் அமலுக்கு வந்தது. பிறர் போட்ட செய்திக்கு இணையதளம் பொறுப்பாகாது என்கிறது அந்தப் பிரிவு. அதற்கு நிபந்தனைகள் உண்டு. குற்றத்துக்கு உடந்தையாக இருக்கக்கூடாது. விஷயம் தெரிந்த பிறகு சும்மா இருக்கக்கூடாது.

"தெரிந்த பிறகு" என்றால் என்ன? 2015 மார்ச் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதற்கு விளக்கம் சொன்னது. கோர்ட்டு உத்தரவோ, அரசாங்க அறிவிப்போ வந்தால்தான் "தெரிந்தது" ஆகும். பெண்ணின் தகப்பனார் கடிதம் எழுதினால் அது கணக்கில் வராது.

அந்தத் தீர்ப்பைக் குறை சொல்வது நம் நோக்கம் இல்லை. யார் புகார் கொடுத்தாலும் உடனே நீக்க வேண்டும் என்று வைத்துவிட்டால், ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் தன்னைப் பற்றிய உண்மைச் செய்தியையும் நீக்கச் சொல்லுவார். கருத்துச் சுதந்திரத்துக்கு அது ஆபத்து. அரசியல் கருத்துக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டும். ஆனால், ஒரு பெண்ணின் படத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று விலை போட்டிருப்பது கருத்தா?

தபால்காரர் கடிதத்தைப் பிரிப்பதில்லை. தெருமுனையில் ஒட்டுவதில்லை. கூடுதல் காசு கொடுத்தவரின் கடிதத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி உயரத்தில் தொங்கவிடுவதும் இல்லை. பாவம், அவரை இதில் இழுத்திருக்க வேண்டாம்!

பத்திரிகைக்கும் விளம்பரம் வருகிறது. தப்பான விளம்பரம் போட்டால் பத்திரிகை பதில் சொல்லியாக வேண்டும். அச்சிடுபவர் யார், வெளியிடுபவர் யார், ஆசிரியர் யார் என்று ஒவ்வொரு இதழிலும் போடுகிறோம். 1867-ம் ஆண்டுச் சட்டம் தொடங்கி வைத்த வழக்கம் அது. புகார் சொல்ல வருகிறவர்கள் நேரே ஆபீசுக்கு வந்துவிடுவார்கள்.

அமெரிக்காவில் நடந்தது

இந்த விஷயத்தில் அமெரிக்கா பெரிய பாடம் படித்தது. அங்கே 'பேக்பேஜ்' என்று ஓர் இணையதளம் 2004-ல் தொடங்கியது. பேக்பேஜ் என்றால் கடைசிப் பக்கம். பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வரும் வரிவிளம்பரத்தை வைத்து வந்த பெயர். நடத்தியவர்களும் பத்திரிகை முதலாளிகளே. வீடு, வேலை, பழைய சாமான் விளம்பரங்களோடு, பெண்கள் விளம்பரமும் வந்தது. பிறகு அதுவே பெரிய வருமானம் ஆகிவிட்டது.

சிறு வயதில் அதில் விற்கப்பட்ட மூன்று பெண்கள் துணிந்து வழக்குப் போட்டார்கள். 1996-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் காட்டி, இணையதளம் பொறுப்பாகாது என்று 2016-ல் அப்பீல் கோர்ட்டு சொல்லிவிட்டது. 2017 ஜனவரியில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் வழக்கை எடுக்க மறுத்தது.

அதே மாதத்தில் அமெரிக்க செனட் சபையின் விசாரணை அறிக்கை வந்தது. படித்தால் வயிறு எரியும். சிறுமி என்று காட்டிக்கொடுக்கும் வார்த்தைகள் விளம்பரத்தில் இருந்தால், அந்த வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டு விளம்பரத்தைப் போட்டிருக்கிறார்கள்! தெரியாது என்று சொன்னவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

2018 ஏப்ரல் 6-ந் தேதி அமெரிக்க அரசாங்கம் அந்த இணையதளத்தைக் கைப்பற்றி மூடியது. ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 11-ந் தேதி, புதிய சட்டம் கையெழுத்தானது. பெண் வியாபாரத்துக்குத் துணைபோகும் இணையதளத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்றது அது.

தேதியைக் கவனியுங்கள். புதிய சட்டம் வரும் முன்பே பழைய சட்டத்தாலேயே அந்தக் கடையைப் பூட்ட முடிந்தது. எப்படி? பணம் போன வழியைப் பிடித்தார்கள். 2015-ல் கிரெடிட் கார்டு கம்பெனிகள் கைவிட்ட பிறகு, பணத்தைச் சுற்றுவழியில் கொண்டுவரக் கம்பெனிக்கு மேல் கம்பெனி வைத்தார்கள். அதில் மாட்டிக்கொண்டார்கள். தலைமை அதிகாரி குற்றத்தை ஒப்புக்கொண்டார். முதலாளிகளில் ஒருவருக்குப் பணத்தை மறைத்த குற்றத்துக்காக 2024 ஆகஸ்டில் 5 ஆண்டு தண்டனை கிடைத்தது.

புதிய சட்டம் என்ன ஆயிற்று? மூன்று ஆண்டுக்குப் பிறகு, 2021 ஜூனில், அரசாங்கத் தணிக்கை அலுவலகம் கணக்குப் பார்த்தது. அந்தச் சட்டப்படி தொடர்ந்த குற்ற வழக்கு ஒன்றே ஒன்றுதான்! விளம்பரங்கள் வெளிநாட்டு இணையதளங்களுக்கு ஓடிவிட்டன. போலீசாருக்குத் துப்புக் கிடைப்பதும் கஷ்டமாகிவிட்டது. ஆகவே, "கடுமையான சட்டம் போடு" என்று கையைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. சட்டத்தை எங்கே பிடித்துக் கட்டுவது என்று பார்க்க வேண்டும்.

அம்பத்தூர் வழக்கு

நம் நாட்டில் நல்ல தொடக்கம் ஒன்று இருக்கிறது. அது தமிழ்நாட்டு வழக்கு.

குழந்தைகளின் ஆபாசப் படத்தைச் செல்போனில் வைத்திருந்ததாக 2020 ஜனவரியில் அம்பத்தூர் போலீசார் ஒருவர் மீது வழக்குப் போட்டார்கள். தனியாகப் பார்த்தது குற்றம் ஆகாது என்று 2024 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. குழந்தைகள் உரிமைக்காக உழைப்பவர்கள் டெல்லிக்குப் போனார்கள். 2024 செப்டம்பர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அப்படிப்பட்ட படத்தைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்றது.

அதோடு நிற்கவில்லை. இணையதளக் கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை சொன்னது. குழந்தைகள் படம் கண்ணில் பட்டால், அமெரிக்காவில் உள்ள ஓர் அமைப்புக்குத் தகவல் அனுப்புவது அவர்கள் வழக்கம். அது மட்டும் போதாது. போக்சோ சட்டப்படி இங்கே உள்ள போலீசுக்கும் சொல்ல வேண்டும். செய்யாதவருக்கு 79-வது பிரிவின் பாதுகாப்பு கிடையாது என்று சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது.

இந்தப் பொறுப்பைப் பெண் வியாபார விளம்பரத்துக்கும் நீட்ட வேண்டும் என்பதே நம் கோரிக்கை. 18 வயது ஆன மறுநாளே ஒரு பெண்ணின் துயரம் சட்டத்துக்கு அந்நியமாகிவிடுமா?

"வெளிநாட்டுக் கம்பெனி நம் பேச்சைக் கேட்குமா?" என்று சிலர் கேட்கிறார்கள். மதுரைக்காரர்கள் இப்படிக் கேட்கக்கூடாது! 2019 ஏப்ரல் 3-ந் தேதி, ஐகோர்ட்டின் மதுரைக் கிளை 'டிக்டாக்' செயலியைப் பதிவிறக்கம் செய்யத் தடை போடச் சொன்னது. ஆபாசமும், பிள்ளைகளுக்கு வரும் ஆபத்தும் காரணம். இரண்டு வாரத்துக்குள் கூகுளும் ஆப்பிளும் இந்தியாவில் அதைத் தங்கள் கடையில் இருந்து எடுத்துவிட்டன. கம்பெனி ஓடோடி வந்தது. 60 லட்சத்துக்கும் அதிகமான வீடியோக்களை நீக்கிவிட்டோம் என்றது. ஏப்ரல் 24-ந் தேதி நிபந்தனையோடு தடை நீங்கியது. (2020-ல் மத்திய அரசு வேறு காரணத்துக்காக அதை ஒரேயடியாகத் தடை செய்தது தனிக் கதை.) ஒத்தக்கடைப் பக்கம் உட்கார்ந்து நீதிபதிகள் சொன்ன சொல், கடல் தாண்டிக் கேட்டது.

ஓட்டை எங்கே?

2021-ம் ஆண்டு விதிகளில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பெரிய சமூக வலைத்தளங்கள் இந்தியாவில் வசிக்கும் அதிகாரியை நியமிக்க வேண்டும். சட்டத்தை மீறினால் அவர் பதில் சொல்ல வேண்டும். ஆனால், 50 லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்திருந்தால்தான் "பெரிய" தளம். ஊர்வாரியாகப் பெண்கள் விளம்பரம் போடுகிற இணையதளம் அந்தக் கணக்கில் வராமல் தப்பிவிடலாம். அது எங்கேயோ ஒரு நாட்டில் இருக்கும். பெட்டிக்கடை மாதிரி சின்னதாக இருக்கும். கேடு மட்டும் பெரிது.

ஒருவரின் நிர்வாணப் படத்தை அனுமதி இல்லாமல் போட்டால், புகார் வந்த 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று அதே விதி சொன்னது. 2026 பிப்ரவரியில் அந்த நேரம் இன்னும் சுருக்கப்பட்டது. நல்லது. ஆனால், சேலை கட்டி நிற்கும் பெண்ணின் படத்தைப் போட்டு விலை எழுதினால்? அந்த வேகம் அங்கே இல்லை.

ஆள் கடத்தலைத் தடுக்கத் தனிச் சட்ட மசோதா 2018 ஜூலையில் மக்கள் சபையில் நிறைவேறியது. மேல்சபைக்குப் போகும் முன் 2019-ல் காலாவதி ஆகிவிட்டது. 2021-ல் மறுபடி ஒரு வரைவு வந்தது. அதுவும் சட்டம் ஆகாமல் நின்றுவிட்டது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்காரருக்கு இருக்கும் அந்த 3-வது பிரிவை இணையதளத்துக்கும் பொருத்துங்கள். ஒரு போன் நம்பரை வைத்துப் பெண் வியாபாரம் நடந்தது என்று போலீசார் கண்டுபிடித்து நோட்டீசு கொடுத்த பிறகும், அதே நம்பரில் விளம்பரம் நின்றால், தெரிந்தே வைத்திருந்தார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தளம் சின்னதோ பெரியதோ, இந்திய ஊரின் பெயரில் விளம்பரம் வாங்கினால் இந்தியாவில் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கட்டும். லாட்ஜில் ஓர் இரவு தங்க அடையாள அட்டை கேட்கிறார்கள். ஒரு பெண்ணின் படத்தைப் போட வருகிறவனிடம் கேட்டால் என்ன? அவன் கட்டும் பணம் வங்கி வழியாகத்தானே போகிறது? அமெரிக்காவில் அகப்பட்டதும் அந்த நூலில்தான். ஆள் வெளிநாட்டில் இருந்தாலும் பணத்தை இங்கேயே நிறுத்தலாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சட்டத்தின் கை, விற்கிறவன் மேல் விழ வேண்டும். மீட்கப்பட்ட பெண்ணைக் குற்றவாளி போல் நடத்துவதும், அவள் முகத்தைச் செய்தியில் காட்டுவதும் கூடாது. வயது வந்த பெண்களைப் போலீசார் துன்புறுத்தக்கூடாது என்று 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது. பத்திரிகைகளுக்கும் அந்த உத்தரவில் பங்கு உண்டு.

நீங்கள் பார்த்தால்?

இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் என்ன செய்வது? மத்திய அரசின் சைபர் கிரைம் புகார் இணையதளம் 2018 செப்டம்பரில் தொடங்கியது. பெண்கள், குழந்தைகள் பற்றிய புகாரைப் பெயர் சொல்லாமலும் அதில் கொடுக்கலாம். படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் உதவி செய்யும். குழந்தை என்று சந்தேகம் வந்தால் 1098-க்குப் போன் செய்யலாம். அவசரத்துக்கு 112. மாவட்டத் தலைநகரில் சைபர் கிரைம் போலீஸ் நிலையம் இருக்கிறது.

குழந்தையின் ஆபாசப் படமாக இருந்தால், "சாட்சிக்கு வேண்டும்" என்று அதைச் செல்போனில் இறக்கி வைக்காதீர்கள். தெரிந்தவர்களுக்கு அனுப்பவும் வேண்டாம். அது உங்களையே வழக்கில் மாட்டிவிடும். அந்தப் பக்கத்தின் முகவரி, அதில் உள்ள போன் நம்பர், நீங்கள் பார்த்த தேதி, நேரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் போலீசாருக்குப் போதும்.